20க்கு 30 கடல் படம்: பிரிண்டுக்கு என்ன விலை சொல்வது?

வெள்ளவத்தைத் தம்பி ஒருவரின் கேள்வி இது. மரைன் டிரைவ் பக்கம், மழை கட்டிய ஒரு பின்னேரம் எடுத்த படம்: கரையோர ரயில், பாறையில் தெறிக்கும் அலை, பின்னால் கறுத்த வானம். கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் தெஹிவளையில் புது ஃபிளாட்டுக்குக் குடிபூரப் போகிறார். வரவேற்பறைச் சுவருக்கு அந்தப் படத்தை 20க்கு 30 அங்குலத்தில் பிரேம் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "பிரிண்டுக்கு மட்டும் 8,000 ரூபா எண்டு லாப்பில சொன்னவை. ஒரு நண்பர் 12,000 போதும் எண்டுறார். இன்னொருவர் கலரியில இந்த அளவுப் படம் லட்சத்துக்குப் போகுது எண்டுறார். நான் என்ன விலை சொல்ல?"

12,000 சொன்னவர் பிரேமை மறந்துவிட்டார். லட்சம் சொன்னவர் அந்த லட்சம் எத்தனை கைக்குப் பிரிகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். நான் பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன். படம் விற்கிறவர்களின் பில்லும், விற்காமல் திரும்பி வரும் படங்களும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். அங்கே கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

தம்பி, லாப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி விலை கட்டாதீர்கள். மறுமுனையில் இருந்து தொடங்குங்கள். என்றாவது ஒருநாள் இதே படம் ஆகச் சிரமமான வழியால் விற்கும்: கலரி, அதாவது படத்தைக் காட்சிக்கு வைத்து விற்றுத்தரும் இடம், தன் பங்கை எடுக்கும், ஒரு பிரிண்ட் பழுதாகும், வாங்குகிறவர் கையெழுத்தும் இலக்கமும் கேட்பார். அன்றைக்கு உங்கள் கையில் எவ்வளவு நிற்க வேண்டும்? அதை முடிவு செய்துவிட்டுக் கீழே இறங்கி வாருங்கள். முதல் ஆளுக்கு நீங்கள் சொல்லும் விலை பிறகு வரும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். கொழும்பு இந்த விஷயத்தில் மிகச் சின்ன ஊர். அக்காவின் ஃபிளாட்டுக்குக் குடிபூரலுக்கு வருகிற பாதிப் பேராவது "எவ்வளவுக்கு வாங்கினது?" என்று கேட்பார்கள்.

இன்னொன்று, படத்துக்கு ஒரு விலை, பிரேமுக்கு ஒரு விலை. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ஒரு தொகை சொல்லவே வேண்டாம். ஏன் என்பது கீழே கணக்கில் தெரியும்.

முதலில் பிரிண்ட். எண்களை விளக்கத்துக்காகத்தான் வைக்கிறேன், உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். லாப்புக்கு 8,000. முழு அளவு போடுவதற்கு முன் நிறம் பார்க்கச் சின்னத் துண்டாக ஒன்றிரண்டு போட்டுப் பார்ப்பீர்கள், அதற்கு 1,000. சுருட்டிப் போடும் குழாயும் உள்ளே வைக்கும் தாளும் 1,000. ஆக 10,000. பத்தில் ஒன்று எப்படியும் பழுதாகும்: விளிம்பு மடியும், நகம் பட்டுக் கீறல் விழும், மழைக்குள் முச்சக்கர வண்டியில் நனையும். அந்தப் பத்தில் ஒன்றின் செலவை மற்ற ஒன்பதும்தான் சுமக்க வேண்டும், அதற்கு ஏறத்தாழ 1,000. 11,000 ஆயிற்று.

இனி உங்கள் நேரம். படம் எடுத்த நேரத்தைச் சொல்லவில்லை. தூசிப் புள்ளி எடுப்பது, நிறம் சரிபார்ப்பது, காலி வீதி நெரிசலில் லாப்புக்குப் போய் வருவது, வாங்குகிறவருடன் வட்ஸ்அப்பில் பேசுவது எல்லாம் சேர்த்து நாலு மணித்தியாலம் என்று வையுங்கள். மணிக்கு 1,500 போட்டால் 6,000. கமரா, லென்ஸ், கணினி தேய்மானத்துக்கும் அலைச்சலுக்கும் ஒரு பங்கு 4,000. மொத்தம் 21,000. இதுதான் உங்கள் அடிமட்டம். இதற்குக் கீழே எவ்வளவு சொன்னாலும் நீங்கள் காசு கொடுத்துப் படம் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். 12,000 சொன்ன நண்பரின் கணக்கில் லாப் பில்லும் ஒரு தேத்தண்ணிக் காசும் மட்டும்தான் இருந்திருக்கின்றன.

இதுவரைக்கும் படத்துக்கென்று ஒன்றும் வரவில்லை, கவனித்தீர்களா? அந்த இடத்தில், அந்த வெளிச்சத்தில், அந்த ரயிலுக்காக நின்ற கண்ணுக்கு ஒரு கூலி வேண்டும். அதற்குச் சூத்திரம் இல்லை. தொடக்கத்தில் அடிமட்டச் செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வைப்பது மனச்சாட்சிக்கும் வாங்குகிறவருக்கும் தாங்கும். 9,000 என்று வையுங்கள். 30,000 ஆகிறது. இந்தப் பிரிண்ட் எந்த வழியால் விற்றாலும் கடைசியில் உங்கள் கைக்கு வரவேண்டிய தொகை அது.

பலரும் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். கலரி 40 வீதம் எடுக்கிறது என்று தெரிந்ததும் 30,000த்துடன் 40 வீதத்தைக் கூட்டி 42,000 என்று எழுதிவிடுகிறார்கள். கலரியோ விற்ற விலையில்தான் 40 வீதம் எடுக்கும், உங்கள் செலவில் அல்ல. 42,000இல் 40 வீதம் 16,800. உங்களுக்கு வருவது 25,200. எதிர்பார்த்ததில் 4,800 குறைவு. படத்துக்கான கூலியில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விட்டது. கூட்டக் கூடாது, பிரிக்க வேண்டும்: 30,000ஐ 0.6ஆல் பிரித்தால் 50,000. கலரி 20,000 எடுக்க உங்களுக்கு 30,000 நிற்கும். 50 வீதம் எடுக்கும் இடம் என்றால் 0.5ஆல் பிரியுங்கள். வேறு இரகசியம் ஒன்றும் கிடையாது.

ஆகவே 20க்கு 30, பிரேம் இல்லாமல், விலைப்பட்டியலில் 50,000. உங்களிடம் நேரே வாங்கினாலும் கலரியில் வாங்கினாலும் அதேதான். நேரே விற்றால் மீதி 20,000 யாருக்கு என்று கேட்பீர்கள். உங்களுக்குத்தான். கலரிக்காரர் செய்யும் வேலையை, அதாவது ஆளைப் பிடித்து, பேசி, காட்டி, காசு வாங்கி, கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை, அன்றைக்கு நீங்கள் செய்கிறீர்கள். கலரியில் 50,000, இன்ஸ்டகிராமில் கேட்டால் 30,000 என்று வைத்தால் கலரிக்காரர் ஒரு தடவை பொறுப்பார், அடுத்த தடவை உங்கள் படத்தை இறக்கிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இப்போது பிரேம். படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையான மவுண்ட் போர்ட்டும் பின்பலகையும் 4,000, சட்டமும் கண்ணாடியும் 11,000, உங்கள் அலைச்சலும் உடைந்தால் மாற்றிக் கொடுக்கும் பொறுப்பும் 3,000. 18,000 என்று தனியாக எழுதுங்கள். படத்துடன் சேர்த்து 68,000. இதைக் கலரியில் தொங்கவிடும்போது அவர்கள் 68,000 முழுவதிலும் 40 வீதம் எடுத்தால் 27,200 போகும், 40,800 வரும். அதில் பிரேமுக்கு நீங்கள் ஏற்கனவே கொடுத்த 18,000ஐக் கழித்தால் 22,800. மீண்டும் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறீர்கள். ஆகவே படம் கொடுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்: பிரேம் காசைக் கழித்துவிட்டு மீதியில்தான் கொமிஷன். நியாயமான கலரிகள் இதை ஏற்கும். ஏற்காவிட்டால் பிரேம் விலையையும் 0.6ஆல் பிரித்து 30,000 என்று போடுங்கள், அல்லது படத்தைப் பிரேம் இல்லாமல் கொடுங்கள்.

கலரி வட் வரிக்குப் பதிவு செய்திருந்தால் விற்பனை விலைமேல் 18 வீதம் வரும். 2024 ஜனவரியில் இருந்து இந்த வீதம்தான். அது 50,000த்துக்கு மேலே ஏறுகிறதா, 50,000த்துக்கு உள்ளே அடங்குகிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உள்ளே என்றால் உங்கள் கணக்கு முழுவதும் மாறும்.

சரி, அக்காவுக்கு என்ன சொல்வது? உங்களுக்கு இன்னும் கலரியும் இல்லை, முன்பு விற்ற படமும் இல்லை. முதல் நாளே 50,000 கேட்க வாய் வராது, அதைப் புரிந்துகொள்கிறேன். அதற்காக அவருக்கு மட்டும் தனி விலை வேண்டாம். எல்லோருக்கும் பொதுவான ஒரு தொடக்க விலை வையுங்கள்: இந்தப் படத்தின் முதல் ஐந்து பிரிண்ட்களுக்கு 35,000, ஆறாவதில் இருந்து 50,000. இந்த 35,000 வானத்தில் இருந்து விழவில்லை. அடிமட்டமான 21,000ஐ 0.6ஆல் பிரித்தால் வருவது. அந்த ஐந்தில் ஒன்று தற்செயலாகக் கலரி வழியே போனாலும் 21,000 திரும்பி வரும், படத்துக்கான கூலி மட்டும் இருக்காது, கைக்காசு போகாது. அக்கா நேரே வாங்குவதால் 35,000 முழுவதும் உங்களுக்கு. பிரேமுடன் 53,000. பிரேமை அவரே தனக்குப் பிடித்த கடையில் போட்டுக்கொள்கிறேன் என்றால் இன்னும் நல்லது, உங்களுக்குத் தலையிடி குறைவு.

அது அவருக்குக் கூடிப்போனால் விலையைக் குறைக்காதீர்கள், அளவைக் குறையுங்கள். 12க்கு 18 போட்டு அகலமான வெள்ளை மவுண்டுக்குள் வைத்தால் சோபாவுக்கு மேலே கம்பீரமாகத்தான் இருக்கும். இந்த ஒரு வழி கையில் இருந்தால் பேரம் பேசுகிறவர்களிடம் முகம் கொடுக்க முடியும். "கடைசி விலை சொல்லுங்கோ" என்று கேட்டால் "அந்தக் காசுக்கு இந்த அளவு வரும்" என்று அடுத்த அளவைக் காட்டலாம்.

அப்படியானால் அளவுக்கு அளவு விலை எப்படி? ஓவியர்கள் சிலர் சதுர அங்குலக் கணக்கில் விலை போடுவார்கள். வேறு சிலர் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அதை ஒரு தொகையால் பெருக்குவார்கள். ஃபோட்டோ பிரிண்டுக்கு இரண்டுமே தனியாகச் சரிவராது. 20க்கு 30 என்பது 600 சதுர அங்குலம், 8க்கு 12 என்பது 96. சதுரக் கணக்கில் 50,000 அங்கே 8,000 ஆகிவிடும், உங்கள் நேரத்துக்கும் தேய்மானத்துக்குமே காணாது. நீளமும் அகலமும் கூட்டினால் 50க்கு 20, அதாவது 20,000. சின்னப் படத்துக்கு அது அதிகம். பெரிய பக்கம் பாருங்கள்: 40க்கு 60 சதுரக் கணக்கில் 2 லட்சம், கூட்டல் கணக்கில் ஒரு லட்சம். நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கச் சொல்வேன். 8க்கு 12க்குப் பத்துப் பன்னிரண்டாயிரம், 12க்கு 18க்கு 24,000 அளவில், 40க்கு 60க்கு ஒரு லட்சத்து முப்பது. 40க்கு 60ஐ ஓடர் வராமல் போட்டு வைக்கவே வேண்டாம். பிரேமுடன் அது பல ஃபிளாட்களின் லிஃப்ட்டுக்குள் போகாது, படிக்கட்டில் தூக்க இரண்டு பேர் வேண்டும். 20க்கு 30 என்றால் முச்சக்கர வண்டியில் மடிமேல் வைத்துக் கொண்டுபோகலாம்.

ஒரே அளவில் எல்லாப் படத்துக்கும் ஒரே விலை. "இது எனக்குப் பிடித்த படம், இதற்குக் கொஞ்சம் கூட" என்று தொடங்கினால், விலை குறைந்த மற்றப் படங்களைப் பற்றி நீங்களே மட்டமாகச் சொன்னதாக ஆகிவிடும். ஒரு படம் மற்றவற்றை விட வேகமாகப் போனால் அதன் விலை படிப்படியாகத் தானாக ஏறும் வகையில்தான் முதல் ஐந்துக்கு ஒரு விலை, ஆறாவதில் இருந்து கூடிய விலை என்ற அந்த ஏற்பாடு.

அது லிமிட்டட் எடிஷன் என்ற இடத்துக்குக் கொண்டுவருகிறது. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் ஏதோ மந்திரம் என்று நினைக்கிறார்கள். நெகட்டிவோ கோப்போ இருக்கும்வரை ஃபோட்டோவை எத்தனையும் போடலாம். எத்தனைக்கு மேல் போடமாட்டேன் என்று எடுத்தவர் கொடுக்கும் வாக்குத்தான் எடிஷன். ஜெர்மன் ஃபோட்டோக் கலைஞர் ஆன்ட்ரியாஸ் குர்ஸ்கியின் ரைன் நதிப் படம் ஒன்று 2011இல் நியூயோர்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 43 லட்சம் டொலருக்குப் போனது. அதை அவர் ஆறு பிரதிகளுக்கு மேல் போடவில்லை. இதைக் கேட்டதும் எண்ணிக்கையைக் குறைத்தால் விலை ஏறும் என்று தோன்றும். ஆனால் அமெரிக்க ஃபோட்டோக் கலைஞர் அன்ஸல் அடம்ஸ் 1941இல் நியூ மெக்ஸிகோவில் எடுத்த நிலவு எழும் படத்தை வாழ்நாளில் 1,300க்கு மேற்பட்ட தடவை பிரிண்ட் போட்டார். அதில் ஒன்று 2006இல் 6 லட்சம் டொலருக்கு மேல் விற்றது. எங்கள் இலங்கை ஃபோட்டோக் கலைஞர் லயனல் வெண்ட்டைப் பாருங்கள். 1944இல் அவர் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. அவர் கையால் போட்ட பிரிண்ட்கள்தான் மிச்சம், அதற்கு எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை.

இன்னும் ஒரு பிரதியும் விற்காத படத்தின் அடியில் 1/10, அதாவது பத்தில் முதலாவது, என்று எழுதுவதால் அதன் விலை ஏறாது. அதை வாங்குகிறவருக்கு நீங்கள் ஒழுங்கானவர் என்ற நம்பிக்கை வரும், அவ்வளவுதான். அது சின்ன விஷயம் இல்லை என்பதால் முறையாகச் செய்யுங்கள். என் யோசனை: 8க்கு 12 எண்ணிக்கையில்லாமல் திறந்தே இருக்கட்டும், அதில் இலக்கம் வேண்டாம், பின்பக்கம் பெயர் போதும். 12க்கு 18உம் 20க்கு 30உம் சேர்த்து மொத்தம் 15, அத்துடன் உங்களுக்கென்று இரண்டு பிரதி. அளவுக்கு அளவு தனித்தனி 15 என்று வைத்துவிட்டு, பிறகு 16க்கு 24 என்று புதிதாக இன்னொரு 15 தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி அதைப் பிடிக்க முடியாமல் போகலாம், ஆனால் முதலில் வாங்கியவர் அறிந்தால் திரும்ப வரமாட்டார். எந்த இலக்கம் யாரிடம், எந்தத் திகதியில், என்ன விலைக்குப் போனது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பருத்திக் காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் கையெழுத்திடலாம். பளபளப்பான லாப் தாளில் பென்சில் பிடிக்காது, அதற்குப் பின்பலகையில் ஒட்டும் லேபிளில் எழுதுங்கள்.

காகிதம் என்று சொன்னதால் அதையும் பேசிவிடுவோம். உங்கள் 8,000 எந்தத் தாளுக்கு என்று கேட்டீர்களா? மினிலாப்பில் ரசாயனத்தில் கழுவி வரும் வர்ணத் தாள் ஒரு வகை, கலியாண அல்பத்துக்குப் போடுவது அதுதான். நுண்ணிய நிறத்துகள் கொண்ட பிக்மென்ட் மையில், பருத்தித் தாளில் போடுவது இன்னொரு வகை. ஹானமூலே நிறுவனத்தின் ஃபோட்டோ ராக் போன்ற, சதுர மீற்றருக்கு 308 கிராம் எடையுள்ள தாள்கள் இதில் வரும். இரண்டாவது வகைக்குச் செலவு கணிசமாகக் கூடும். முதல் வகை தரக்குறைவு என்று சொல்ல மாட்டேன், வெயில் படாத சுவரில் நெடுங்காலம் இருக்கும். ஆனால் சாதாரண லாப் தாளில் போட்டுவிட்டு மியூசியம் தரம் என்று எழுதாதீர்கள். தாளின் பெயரையும் மையின் வகையையும் லேபிளில் அப்படியே எழுதுங்கள், விலையும் அதற்கு ஏற்றபடி இருக்கட்டும்.

கொழும்பில் படத்தைக் கெடுப்பவை ஈரமும் உப்பும் மேற்கு வெயிலும். கடலோரத் தொடர்மாடிகளில் கண்ணாடிச் சுவர் பெரும்பாலும் மேற்குப் பக்கம், பின்னேர வெயில் நேரே உள்ளே அடிக்கும். அந்த வெயில் படும் சுவரில் எந்த வர்ணப் பிரிண்டும் வெளிறும். அக்காவிடம் எந்தச் சுவர் என்று முதலிலேயே கேளுங்கள். பிரேம் கடையில் மவுண்ட் இல்லாமல் படத்தைக் கண்ணாடியோடு நேரே அழுத்திப் போட்டுத் தருவார்கள், மலிவு. ஈரக் காலத்தில் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். மவுண்ட் என்பது அழகுக்கு மட்டும் அல்ல, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் காற்றுக்கு இடம் விடுவதற்கும்தான். அமிலம் இல்லாத மவுண்ட் கேட்டு வாங்குங்கள். சாதாரண அட்டை சில வருடத்தில் மஞ்சளாகி ஓரத்தில் கறை காட்டும். இந்த 4,000த்தில் மிச்சம் பிடித்தால் திரும்பி வரப்போவது படம்.

கன்வஸ் கேட்பார்கள். ஓவியம் மாதிரி இருக்கிறது என்பதால் பலருக்கு அது விலையுயர்ந்தது என்ற எண்ணம். உங்கள் படத்தில் அலைத் தெறிப்பும் தண்டவாளக் கல்லும்தான் உயிர், கன்வஸின் நெசவு அதை விழுங்கிவிடும். பின்பக்கம் திறந்திருப்பதால் பூஞ்சணமும் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது, ஆனால் வாங்குகிறவர் சுவர், அவர் விருப்பம்.

அளவு பற்றிய பயம் வேண்டாம். 24 மெகாபிக்ஸல் கமரா என்றால் 6,000க்கு 4,000 புள்ளிகள். 30 அங்குலத்துக்கு அதைப் பரப்பினால் அங்குலத்துக்கு 200 வரும். கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கு 300 வேண்டும் என்பார்கள், சுவரில் தொங்கும் படத்துக்கு 200 தாராளம். படத்தை வெட்டியிருந்தால் மட்டும் கணக்கை மறுபடி பாருங்கள். 16க்கு 20 ரெடிமேட் பிரேம் மலிவாகக் கிடைக்கிறது என்று அதற்குள் திணிக்காதீர்கள். விகிதம் வேறு, ரயிலின் வால் போய்விடும்.

எங்கள் ஆட்களின் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாமிப்படம், கலியாணப் படம், பட்டமளிப்புப் படம், கலண்டர். இவற்றுக்குச் சுவரில் இடம் உண்டு, காசு கொடுத்துக் காட்சிப் படம் வாங்கும் பழக்கம் இப்போதுதான் ஃபிளாட்களோடு வருகிறது. அவர்கள் உங்கள் விலையை கலரியோடு ஒப்பிடுவதில்லை, புறக்கோட்டையில் தொங்கும் ரெடிமேட் சுவிற்சர்லாந்து மலைப்படத்தோடு ஒப்பிடுகிறார்கள். அதனால் 8க்கு 12 என்ற சின்ன அளவு கட்டாயம் கையில் இருக்க வேண்டும். ரேஸ்கோர்ஸில் சனிக்கிழமை கூடும் குட் மார்க்கெட் மாதிரி இடத்திலும், 1993இல் இருந்து ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் வருடம்தோறும் நடக்கும் கலா பொல என்ற ஓவியச் சந்தையிலும் கையில் எடுத்துப் பார்த்து உடனே காசு கொடுக்கும் அளவு அதுதான். அதே இடத்தில் ஒரு 20க்கு 30ஐ பிரேமுடன் பின்னால் நிறுத்தி வையுங்கள். அது அன்றைக்கு விற்காது, ஆனால் முன்னால் இருக்கும் 10,000 ரூபாப் படத்தை நியாயமான விலையாகக் காட்டும்.

சொந்தக்காரர் விஷயம் சிக்கல். "எங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள். பாதி விலை சொன்னால் அந்தப் பாதிதான் குடும்பத்துக்குள் உங்கள் விலையாகிவிடும், சித்தப்பாவுக்கும் மச்சானுக்கும் அதற்கு மேல் கேட்க முடியாது. நெருங்கியவர் என்றால் குடிபூரலுக்கோ கலியாணத்துக்கோ ஒரு 8க்கு 12ஐப் பரிசாகவே கொடுங்கள், காசு வாங்காதீர்கள். விற்றால் பட்டியல் விலை. வேண்டுமானால் பிரேமைச் செலவு விலைக்குப் போட்டுக் கொடுங்கள், படத்தின் விலையில் கை வைக்க வேண்டாம்.

விலைப்பட்டியலில் திகதி போடுங்கள், 30 நாளுக்குத்தான் செல்லும் என்றும் எழுதுங்கள். தாள், மை, மவுண்ட், அக்ரிலிக் எல்லாம் இறக்குமதி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளில் காகிதம் இல்லாமல் தவணைப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது. அப்போது மூன்று மாதம் முன்பு சொன்ன விலைக்கே படம் கொடுக்க வேண்டி வந்தவர்கள் லாப் பில்லைத் தங்கள் பையில் இருந்து கட்டினார்கள். ஓடர் எடுத்ததும் பாதி முற்பணம் வாங்கி, அன்றைக்கே பிரிண்டுக்குக் கொடுங்கள்.

விலையை எப்போது ஏற்றலாம்? அந்த முதல் ஐந்து போனதும் சொன்னபடி ஏற்றுங்கள், ஒருவருக்காகவும் திரும்ப இறக்காதீர்கள். பொதுவிலை என்றால் வருடத்துக்கு ஒருமுறை, பத்துப் பதினைந்து வீதம் போதும். கேட்கிற எல்லோரும் ஒரு சொல்லும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனால் விலை குறைவு. யாருமே வாங்காவிட்டால் அது விலையாகவும் இருக்கலாம், படமாகவும் இருக்கலாம். விலையை இறக்குவதற்கு முன் வேறு படங்களைக் காட்டிப் பாருங்கள்.

ஹோட்டல்காரர் வந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. "நாற்பது அறைக்கு நாற்பது படம், எவ்வளவு குறைப்பீங்க?" என்பார் அலங்காரம் செய்கிறவர். எடிஷன் பிரிண்டில் ஒன்றையும் அங்கே கொடுக்காதீர்கள். அதற்கென்று இலக்கம் இல்லாத, கையெழுத்து இல்லாத தனிப் பிரிண்ட். படத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கு ஒரு தொகை, பிரிண்டுக்கும் பிரேமுக்கும் செலவுடன் 20 வீதம், பாதி முற்பணம், மீதி பொருத்துவதற்கு முன். பொருத்திய பிறகு என்று ஒத்துக்கொண்டால் அந்த மீதிக்கு மாதக்கணக்கில் அலைவீர்கள். அலங்காரம் செய்கிறவர் தனக்கும் 20 அல்லது 30 வீதம் எதிர்பார்ப்பார். அதை முதலிலேயே கேட்டு, முன்பு சொன்னதுபோல் பிரித்துச் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, இது நிச்சயம் வரும் என்பதால் சொல்கிறேன். படத்தை ஃபேஸ்புக்கில் பார்த்துவிட்டு டொரொன்டோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ ஒருவர் எழுதுவார்: "தம்பி, ஒரிஜினலை அனுப்பிவிடுங்கோ, நாங்கள் இங்கயே அடிச்சுக்கொள்ளுறம், காசு எவ்வளவெண்டாலும் பரவாயில்லை." அந்தக் கோப்பு போனால் எடிஷனும் அதோடு போனது, 15 என்று நீங்கள் கொடுத்த வாக்கை அதற்குப் பிறகு உங்களாலேயே காப்பாற்ற முடியாது. பிரிண்டை வாங்கியவருக்குத் தாள் சொந்தம், படத்தின் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 70 வருடத்துக்கும் நீளும். ஆனால் கனடாவில் ஒரு அச்சுக்கடையில் நடப்பதை வெள்ளவத்தையில் இருந்து யார் பார்ப்பது? இலக்கமிட்ட பிரிண்டைச் சுருட்டி, தடித்த குழாயில் போட்டு, இலங்கைத் தபாலின் ஈ.எம்.எஸ்.இல் அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள். தபால் செலவும் அங்கே சுங்கம் கேட்டால் அதுவும் அவருடையது. விலையை அங்குள்ளவருக்காக மூன்று மடங்காக்க வேண்டாம், அவருடைய தங்கச்சி கொழும்பில்தான் இருப்பார், விசாரிப்பார். அதே 35,000, அன்றைய வங்கி வீதத்தில் டொலரில்.